துரும்புகள், பயன் தெரியவில்லை

வடக்கு ஜன்னலின் கண்ணாடி மக்கு உதிர்கிறதென்று
நகராட்சி என்னை அனுப்பியது.
துர்க்கு நகரத்தைத் தின்ற பெருந்தீயில்
மேட்டுமேல் தப்பிய மரவீடுகளில் ஒன்று.
வாசல் பலகை சொல்கிறது:
பேராசிரியர் கிறிஸ்டியான் ஏஷெல்ம். குளிரை அளந்தவர்.
அவர் பாடம் நடத்திய பல்கலைக்கழகம்
தீக்குப் பின் மூட்டை கட்டிக்கொண்டு
ஹெல்சிங்கிக்குப் போய்விட்டது.
வீட்டால் போக முடியவில்லை.

உள்ளே அவர் நாற்காலி, யாரும் உட்காராதபடி குறுக்கே கயிறு.
அவர் மூக்குக்கண்ணாடி, ஒரு கண் மட்டும்.
டிக்கெட் கிழிக்கிற கெர்த்து சொன்னாள்,
"ஆள் குள்ளம். கட்டிலைப் பார், தெரியும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஆணியில் தொங்குகிறது வெப்பமானி.
இந்தப் பக்கம் மேசையில் பேரேடு:
தினம் விடியலில் ஒரு எண், முப்பத்தோரு வருடம்,
ஒரு நாள்கூட விடுபடவில்லை.
கெர்த்துவுக்கு அதில் பெருமை,
தான் பெற்ற பிள்ளை பள்ளிக்கு மட்டம் போடாதது மாதிரி.

சுவரில் மாட்டிய கடிதத்தை உளியால் காட்டினேன்.
"கடல் உறைந்துபோய் ஸ்டாக்ஹோமில்
இரண்டு மாதம் மாட்டிக்கொண்டேன் என்கிறாரே,
அப்போது யார் பார்த்தது?"

மூக்கைச் சொறிந்தாள்.
பிறகு கீழ் இழுப்பறையை இழுத்தாள்.
மரப்பெட்டி. மேலே தட்டச்சு அட்டை:
எண் 212. துரும்புகள். பயன் தெரியவில்லை.

ரை வைக்கோல். ஏழேழாக நூல் சுற்றி
ஒன்பது கட்டு.
ஒன்றின் உயரம் இன்னொன்றுக்கு இல்லை.

வேலைக்காரி வால்புரி.
சம்பளக் கணக்கில் கையெழுத்து இடத்தில்
ஒரு பெருக்கல் குறி.
அவர் எழுதியது லத்தீன், அதட்டியது ஸ்வீடிஷ்,
அவள் முணுமுணுத்தது ஃபின்னிஷ்.
பாதரசம் எதையும் பேசாமல்
ஏறியது, இறங்கியது.

விடிய விடிய எழுந்து, ஒரு கையில் விளக்கு,
குமிழிலிருந்து துரும்பை நிமிர்த்திப் பிடித்து
பாதரசம் நின்ற இடத்தில் வெட்டியிருக்கிறாள்.
ஊகம்தான். எங்கும் எழுதியில்லை.
கெர்த்து ஓடிப்போய் அளவுகோல் கொண்டுவந்தாள்.
கையுறை மாட்டாமல் பேரேட்டைத் தொடவிடவில்லை.
துரும்பு நீண்டால் எண் கூடியது,
குட்டையானால் குறைந்தது.
மூன்றாவது கட்டில்
நான் உளியைக் கீழே வைத்துவிட்டேன்.

திரும்பி வந்த மனிதர் கோட்டைக்கூடக் கழற்றாமல்
(இதுவும் ஊகம்)
ஒவ்வொன்றாய் அளந்து ஏட்டில் ஏற்றியிருப்பார்.
அச்சான நூலில்
அறுபத்துமூன்று நாளும் இருக்கின்றன.
அவள் துரும்பளவும் இல்லை.

ஏழாம் கட்டில்
எல்லாவற்றிலும் குட்டையான ஒன்று.
நுனியில் கத்தி வெட்டு இல்லை.
பல்.
கத்தி அன்றைக்கு உறையோடு ஒட்டிக்கொண்டதோ,
விரல் மடங்க மறுத்ததோ.
அந்த நாளின் எண்ணுக்குப் பக்கத்தில்
பேராசிரியர் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.
துரும்பில் சந்தேகம் எதுவும் இல்லை.

கெர்த்து பென்சிலை எடுத்தாள்.
அட்டையில் 'தெரியவில்லை'க்கு மேலே
சற்று நேரம் அது நின்றது.
"மேலிடத்தில் கேட்கணும்" என்று
காதில் செருகிக்கொண்டாள்.

மக்கு காய இரண்டு வாரம் பிடிக்கும்,
அதுவரை தட்டாதே, சாயாதே, திறக்காதே என்றேன்.
பையைத் தோளில் மாட்டும்போது கேட்டாள்:
"வெளியே எவ்வளவு குளிர்?"

புதுக் கண்ணாடி வழியே பார்த்தேன்.
எண் தெளிவாகவே தெரிந்தது.
கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும்
விரித்துக் காட்டினேன்.

இவ்வளவு.